மெஸி 135 பவர் ஸ்டியரிங்: ஒரு சீலுக்காக நான் பட்ட பாடு

பழைய சீலைக் கையில் எடுக்காமல் கொழும்புக்கு பஸ் ஏறாதீர்கள். நான் ஏறினேன். எங்கள் மெஸி பெர்கூசன் 135 உழவு மிசினின் பவர் ஸ்டியரிங்கில் ஒயில் ஒழுகியது, ஒயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் வளையமான சீலை மாற்றவேண்டியிருந்தது. தம்பலகாமத்திலிருந்து இரவு முழுக்கப் பயணம். விடியற்காலையில் இறங்கி, உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை திறக்கும் வரை நின்று, "மெஸி 135, பவர் ஸ்டியரிங் சீல் செட்" என்று கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, ஒரு பக்கற்றை எடுத்துப் போட்டார். "பம்ப் எந்த மாதிரி என்று பார்க்கத் தேவையில்லையா?" என்று கேட்டதற்கு, "135க்கு எல்லாம் இதுதான்" என்றார். பில்லில், விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று முத்திரை குத்தியிருந்தது.

வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. 1964 முதல் 1975 வரை கவென்ட்ரியில் செய்த மாடல் அது. ஒயிலை அழுத்தித் தள்ளும் பம்பும், அந்த அழுத்தத்தால் சக்கரத்தைத் திருப்ப உதவும் சிலிண்டரான ராமும் எல்லா 135க்கும் ஒன்றல்ல. போதாததற்கு, இத்தனை வருஷத்தில் எந்த மிசினிலிருந்து எதைக் கழற்றி எதில் பூட்டினார்களோ! எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுக்கத் தணியவில்லை. காசு போனது ஒரு பக்கம், இரண்டு நாளும் போயிற்று. புரட்டாசி முடியும் நேரம், மழைக்கு முன் உழவேண்டும். மிசினை ஓட்டுவது அப்பா. பவர் இல்லாமல் அந்தச் சக்கரத்தைத் திருப்ப அவருடைய தோள் இனி இடம் கொடாது.

கிண்ணியாவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து வேலை செய்யும் மெக்கானிக் நானா ஒருவர்தான் வழி காட்டினார். "தம்பி, பெயரைச் சொல்லிச் சீல் வாங்காதீங்க, அளவைச் சொல்லி வாங்குங்க." வேணியர் என்ற நுண்ணிய அளவுகோலால் மூன்று அளவு எடுக்கவேண்டும்: ராமின் கம்பியின் விட்டம், சீல் உட்காரும் குழியின் விட்டம், குழியின் ஆழம். இந்தப் பழைய இங்கிலாந்து மிசின்கள் அங்குலக் கணக்கில் செய்தவை. ஒரு அங்குலக் கம்பி என்றால் 25.4 மில்லிமீட்டர். கடையில் 25 சுலபமாகக் கிடைக்கும், அடித்தால் ஏறியும் விடும். ஆனால் கம்பியை அணைக்கும் சீலின் விளிம்பு, அதாவது உதடு, இறுகிச் சூடேறி, கொஞ்ச நாளில் தேய்ந்து மறுபடி ஒழுகும். என் ராமின் அளவை இங்கே எழுதவில்லை. உங்களுடையதை நீங்களே அளவெடுங்கள்.

பிரேக் ரப்பரைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கேட்காதீர்கள். பிரேக் ஒயிலுக்கென்று செய்த ரப்பர் இந்த ஒயிலில் ஊதிப்போகும். சாதாரண நைட்ரைல் சீல்தான் வேண்டும்.

இந்த முறை நான் போகவில்லை. பழைய சீலை வேணியருக்குள் வைத்துப் படம் எடுத்து, வேறொரு கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர்கள் இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டார்கள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாள் காலை பஸ்ஸில் பார்சல் வந்தது. ராமின் கம்பியில் நானா நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தடக்கினால் எந்தச் சீலும் நிற்காதாம். தடக்கவில்லை. ராம் வேலை அன்றைக்கே முடிந்தது.

ஆனால் இரண்டு நாள் கழித்து ஸ்டியரிங் தொட்டியில் ஒயில் மறுபடி குறைந்திருந்தது. கீழே ஒரு சொட்டும் இல்லை. ராமைத் துடைத்துப் பார்த்தேன், குழாய் இணைப்பு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்து கிடந்தது. நானாவிடம் சொன்னதும் கேட்டார், "எஞ்சின் ஒயில் பார்த்தீங்களா?" டிப்ஸ்டிக்கை இழுத்தேன். மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது!

இந்த பெர்கின்ஸ் எஞ்சினில் ஸ்டியரிங் பம்ப் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் கியரில் பூட்டி ஓடுகிறது. பம்பின் தண்டுச் சீல் போனால் ஒயில் வெளியே வராமல் உள்ளே போய் எஞ்சின் ஒயிலோடு கலக்கும். தொட்டியில் குறைகிறது, நிலம் காய்ந்திருக்கிறது என்றால் முதலில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நான் அந்த இரண்டு நாளும் கலந்த ஒயிலில் எஞ்சினை ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பம்பைக் கழற்றியது பெரிய வேலையில்லை. பழைய சீலை ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது குழிச் சுவரில் கீறல் விழுந்தது, அதை நுண்ணிய எமரித் தாளால் தேய்த்துச் சரி செய்தோம். புதுச் சீலைத் தண்டில் நேரே தள்ளினேன். தண்டின் கூரான ஓரம் உதட்டை வெட்டிவிட்டது. நானா சொல்லி இரண்டு வாங்கியிருந்ததால் தப்பினேன். இரண்டாவதற்குத் தண்டின் முனையில் மெல்லிய பிளாஸ்டிக் சுற்றி, ஒயில் தடவி, உதடு ஒயில் நிற்கும் பக்கம் பார்க்க மெதுவாக ஏற்றினேன். எஞ்சின் ஒயிலையும் பில்டரையும் மாற்றினோம்.

ஸ்டியரிங் ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது அவசரப்படாதீர்கள். முன்சக்கரங்களை ஜாக்கில் தூக்கி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நிதானமாகத் திருப்பவேண்டும். தொட்டியில் நுரை அடங்கும் வரை, ஒயில் குறையக் குறைய ஊற்றவேண்டும். எங்களுக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

மறுநாள் அப்பா வயலில் இறக்கினார். வரம்போரத்தில் ஒரு கையால் திருப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்து நானும் நானாவும் சத்தம் போட்டே சிரித்தோம். நான்கு நாள் காலையும் மாலையும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். ஒயில் அதே கோட்டில் நிற்கிறது.