படங்களை அடுக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்: ஆப்ஷன் வைத்துப் பார்த்த அனுபவம்

ஸ்கிரிப்ட் ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. வீட்டில் எல்லாருடைய ஃபோனிலிருந்தும் ஹார்டு டிஸ்கில் கொட்டி வைத்திருந்த படங்களை வருடம், மாதம் என்று ஃபோல்டர் வாரியாகப் பிரித்துத் தருகிறது. படத்துக்குள் பதிந்திருக்கும் விவரங்களைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் இருந்தால் ஒரே வரியில் இந்த வேலை முடிந்துவிடும். ஆனாலும் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் நானே எழுத ஆசைப்பட்டேன். இத்தனை வருடமாக எல்எஸ் -எல் (பட்டியல்), சிபி -ஆர் (நகல்) என்று கட்டளைக்குப் பின் கோடு போட்டு, யாரோ வைத்த ஆப்ஷன்களைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். சொந்தமாக ஒரு கட்டளை எழுதி அதற்கு ஆப்ஷன் வைப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டளைக்கு 'அடுக்கு' என்றே தமிழில் பெயர் வைத்தேன். லினக்ஸில் ஃபைல் பெயரில் சாய்கோடும் பூஜ்ய பைட்டும் தவிர எது வேண்டுமானாலும் வரலாம். தமிழ்ப் பெயர் அப்படியே ஓடுகிறது.

தேதியைப் பிரித்தெடுப்பதுதான் முதல் வேலை. ஆண்ட்ராய்டு கேமரா எடுத்த படமானாலும் வாட்ஸ்அப்பில் வந்த படமானாலும் பெரும்பாலும் பெயரில் 'ஐஎம்ஜி'க்கு அடுத்து ஒரு குறி, பிறகு 20190415 என்று எட்டு இலக்கத் தேதி இருக்கும். வாட்ஸ்அப் படத்துக்குள்ளே எடுத்த தேதி தங்காது என்பதால் அங்கே பெயர்தான் கதி. இதை வெட்டி எடுக்க செட், ஆக் போன்ற எழுத்து வெட்டும் கருவிகள் எதுவும் தேவைப்படவில்லை. ஷெல்லிலேயே # குறி முன்பக்கத்தை வெட்டும், % குறி பின்பக்கத்தை வெட்டும். முன்னால் இருக்கும் நான்கு எழுத்தை நீக்கியபின் %%[!0-9]* என்று போட்டால், எண் அல்லாத முதல் எழுத்திலிருந்து கடைசிவரை எல்லாம் போய் 20190415 மட்டும் நிற்கிறது. அதன்மேல் %???? போட்டால் 2019. #???? போட்டால் 0415, அதில் கடைசி இரண்டைக் கழித்தால் 04. வெளியே எந்தப் புரோகிராமையும் கூப்பிடாமல் இது நடப்பதால் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தாலும் வேகம் குறையவில்லை. கேள்விக்குறிகளை எண்ணி எண்ணி வெட்டுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது, செய்து பாருங்கள்.

பிறகு ஆப்ஷன்கள். இதற்கு, ஆப்ஷன்களைப் பிரித்துத் தர ஷெல்லிலேயே இருக்கும் கெட்ஆப்ட்ஸைப் பிடித்துக்கொண்டேன். யூனிக்ஸ் கட்டளைகள் பலவும் ஒரே சாயலில் இருப்பதற்கு இதன் அண்ணன் முறையான, சி மொழி நிரல்களுக்கான கெட்ஆப்ட் ஒரு பெரிய காரணம். 1985இல் டல்லஸில் நடந்த யூனிஃபோரம் என்ற யூனிக்ஸ் மாநாட்டில், யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டி அதன் சி மூலநிரலைப் பொதுவில் விட்டது. ஒற்றைக் கோடு, ஓர் எழுத்து, வேண்டுமானால் அதற்கொரு மதிப்பு. இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்பவையும் உண்டு. டிடி கட்டளை சமக்குறி போட்டுக் கேட்கும், டார் கட்டளை கோடு இல்லாமலே எழுத்துகளை வாங்கிக்கொள்ளும்.

கெட்ஆப்ட்ஸிடம் நமக்கு வேண்டிய எழுத்துகளை ஒரு சரமாகக் கொடுக்க வேண்டும். மதிப்பு வாங்கும் எழுத்துக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. சரத்தின் தொடக்கத்திலேயே முக்காற்புள்ளி வைத்தால் அது தன் பிழைச்செய்தியைக் காட்டாமல் நம்மிடம் பொறுப்பை விட்டுவிடும். அப்படித்தான் வைத்தேன், பிழைச்செய்தி தமிழில் வர வேண்டும் என்பதற்காக. தெரியாத எழுத்து வந்தால் '?' கிடைக்கும், மதிப்பு விடுபட்டால் ':' கிடைக்கும், ஷெல்லின் கேஸ் என்ற கிளைப்பிரிப்பைப் போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். செய்தியை >&2 மூலம் பிழை வெளியீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிழை என்று உணர்த்தும் எக்ஸிட் 2 போட்டு வெளியேறுகிறேன். இரண்டு ஆப்ஷன்களை -வி -எக்ஸ் என்று தனித்தனியாகவோ -விஎக்ஸ் என்று சேர்த்தோ கொடுக்கலாம். இதற்காக நான் ஒரு வரிகூட எழுதவில்லை, அதுவே பார்த்துக்கொள்கிறது.

எந்த எழுத்தை எதற்கு வைப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். ஒத்திகைக்கு -என் வைக்கலாம் என்பது முதல் எண்ணம். நிரல்களைக் கட்டும் மேக் (make) கட்டளையிலும் ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் ஆர்சிங்கிலும் அதற்கு அந்தப் பொருள்தான்: என்ன செய்யப்போகிறேன் என்று சொல், செய்யாதே. ஆனால் ஃபைலை நகர்த்தும் எம்வியில் -என் என்றால் ஏற்கெனவே இருக்கும் ஃபைல் மேல் எழுதாதே என்று பொருள். கிரெப்பில் வரி எண், சார்ட்டில் எண்ணாகப் பார்த்து வரிசைப்படுத்து, ஹெட்டில் எத்தனை வரி. ஒரே எழுத்துக்குக் கட்டளைக்குக் கட்டளை வேறு வேறு வேலை. அதனால் மேனுவல் பக்கத்தைத் திறக்காமல் ஊகத்தில் ஆப்ஷன் தட்டுவது எனக்குப் பிடிக்காது.

இங்கேதான் ஒரு முக்கியமான விஷயம் பிடிபட்டது. போலிப் படங்கள் நிறைந்த ஒரு சோதனை ஃபோல்டரில் ஆப்ஷனை இடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். 'அடுக்கு -என் படங்கள்' என்றால் ஒத்திகை. 'அடுக்கு படங்கள் -என்' என்றால் படங்கள் நிஜமாகவே நகர்ந்தன! காரணம் நேரானது. ஆப்ஷன் அல்லாத முதல் சொல்லைக் கண்டதும் கெட்ஆப்ட்ஸ் நின்றுவிடும். அதற்குப் பின் வரும் -என் அதன் கண்ணில் இன்னொரு ஃபோல்டரின் பெயர், அவ்வளவுதான். லினக்ஸில் வரும் க்னூ கட்டளைகள் ஆப்ஷன் எங்கே இருந்தாலும் பொறுக்கி எடுத்துக்கொள்வதால் லினக்ஸ்காரர்களுக்குக் கடைசியில் ஆப்ஷன் போடும் பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு என் ஸ்கிரிப்டைத் தொட்டால் ஒத்திகை என்று நம்பி உண்மையான வேலையை நடத்திவிடுவார்கள்.

அதனால் தலைகீழாக மாற்றினேன். எந்த ஆப்ஷனும் இல்லாவிட்டால் ஒத்திகை மட்டும். -எக்ஸ் கொடுத்தால்தான் ஃபைல்கள் நகரும். வேண்டாத ஃபைல்களை அழிக்கும் கிட் கிளீன் கட்டளைக்கும் இதே குணம்தான், -எஃப் கொடுக்காமல் அழிக்க மறுக்கும். இப்போது யாராவது -எக்ஸைத் தப்பான இடத்தில் போட்டாலும் ஒன்றும் கெடாது, ஒத்திகைதான் நடக்கும். ஒரு கட்டளைக்கு எத்தனை ஆப்ஷன் என்பதைவிட, ஒன்றும் கொடுக்காதபோது அது என்ன செய்கிறது என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டியது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். உள்ளே இதற்கு ஒரு சின்ன ஃபங்ஷன் போதும்: நிஜ ஓட்டம் என்றால் "$@" ஐ, அதாவது தனக்குக் கொடுத்த கட்டளையை அப்படியே, ஓட்டும், ஒத்திகை என்றால் அதையே திரையில் அச்சிடும். அந்த இரட்டை மேற்கோள் மிக மிக முக்கியம். 'பொங்கல் 2018' என்ற ஃபோல்டர் மேற்கோள் இல்லாமல் போனால் இரண்டு பெயராக உடைந்துவிடும். எம்விக்கு -- கொடுப்பதையும் விடவில்லை. அதற்குப் பின் வருபவை, கோட்டில் தொடங்கினாலும், ஆப்ஷனாகக் கருதப்படாது.

தங்கையிடம் கொடுத்தேன். அவள் மேக்புக் வைத்திருக்கிறாள். "அண்ணா, ஸ்டாட் இல்லீகல் ஆப்ஷன் சி-ன்னு திட்டுது" என்று அனுப்பினாள். பெயரில் தேதி இல்லாத படங்களுக்கு ஃபைல் கடைசியாக மாறிய தேதியை ஸ்டாட் மூலம் கேட்கிறேன். லினக்ஸில் அதற்கு -சி, மேக்கில் இருக்கும் பிஎஸ்டி யூனிக்ஸ் வழி ஸ்டாட்டுக்கு -எஃப். இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் யூநேம் என்ன சொல்கிறது என்று பார்த்து, டார்வின் (மேக்) என்றால் ஒரு வழி, இல்லையென்றால் மறுவழி என்று ஒரு கேஸ் சேர்த்தேன். "இப்ப ஓடுதுண்ணா, ஆனா எல்லாம் போன மாசத்துல போய் விழுது" என்றாள். படங்களை வெறும் சிபியால் நகல் எடுத்திருக்கிறாள். நகல் எடுத்த நேரமே ஃபைலின் நேரமாகிவிட்டது. "சிபி -பி போட்டு மறுபடி எடும்மா, பழைய நேரம் அப்படியே வரும்" என்றேன், சரியாகிவிட்டது.

-வி கொடுத்தால் வரும் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் நேராக நிற்கவில்லை. பட்டியலை அச்சிடும் பிரிண்ட்எஃப் அகலத்தை பைட்டில் அளக்கிறது. 'பொங்கல்' என்பதை எண்ணிச் சொல்லும் டபிள்யூசியிடம் கொடுத்துப் பார்த்தேன்: -சி (பைட்) என்றால் 21, -எம் (யூனிகோடு குறி) என்றால் 7. நம் கணக்கில் நான்கே எழுத்து. ஷெல்லில் இதை ஒழுங்காகத் தீர்க்கச் சுலப வழி இல்லை. தேதியை முதல் பத்தியிலும் பெயரைக் கடைசிப் பத்தியிலும் வைத்துவிட்டேன், கோணல் தெரிவதில்லை.

மிச்சம் இருப்பது நெட்டை ஆப்ஷன்கள். கெட்ஆப்ட்ஸுக்கு இரட்டைக் கோட்டுப் பெயர்கள் தெரியாது. வைல், கேஸ், ஷிஃப்ட் வைத்துக் கையாலேயே எழுத வேண்டும். விரலால் தட்டும்போது ஒற்றை எழுத்து வசதி, ஆனால் வேறொரு ஸ்கிரிப்டுக்குள் இருந்து இதைக் கூப்பிடும்போது -எக்ஸ் என்பதற்குப் பதில் --நகர்த்து என்று முழுச் சொல்லாக இருந்தால் பிறகு படிப்பவருக்குப் புரியும். வருகிற விடுமுறையில் அதைச் செய்துவிட்டு, டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களுக்கு மட்டும் எக்ஸிஃப்டூலையும் உள்ளே கூப்பிடப் போகிறேன்.