முன்பாரம்

"தொட்டியில பாதித் தண்ணி மட்டும் வெச்சுக்கிட்டா முன்னாடி இறங்காதுங்களா?"

அந்தம்மா கேட்டது இவ்வளவுதான். நான் சொன்னது: "அதெல்லாம் வேண்டியதில்லைங்கம்மா, பக்கத்துக்கொரு பட்டை சேத்துப் போட்டாப் போதும்." கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவில் நான் மூச்சுக்கூட விட்டிருக்க மாட்டேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் போய்விட்டது. எங்கள் கமான் பட்டறையில் (வண்டிக்கு அடியில் பாரம் தாங்க அடுக்கியிருக்கிற எஃகுப் பட்டைகள்தான் கமான்) யார் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வருகிறது.

வண்டி 1988 மாடல் டாடா 407. 407 வந்ததே 1986 இல்தான் என்பதால் ஆரம்ப காலத்து வண்டிகளில் ஒன்று. கோபிப் பக்கத்து வாத்தியார் ஒருவர், ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கி, மூன்று வருடம் பாடுபட்டு அதை வீடாக்கியிருந்தார். கட்டில், அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், மேலே சோலார், எல்லாம் உண்டு. "விண்டேஜ் கேம்பர்ங்க" என்றுதான் சொல்வார். 2021 இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டினால்தான் விண்டேஜ். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. சொந்தக் கையால் மெருகு போட்ட மரத்தைத் தடவிக்கொண்டே பேசுகிற மனுஷனிடம் அதையெல்லாம் சொல்ல முடியாது.

அவர் சொன்ன குறை இரண்டு. வண்டி மூக்குக் குத்தி நிற்கிறது. பைபாஸில் அறுபதைத் தாண்டினால் நேராகப் போகாமல் அலைகிறது, ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே குறைதான். முன்பக்கம் இறங்கினால் சேஸிஸ் முன்னால் சாய்கிறது, அதோடு ஆக்ஸிலும் சாய்ந்து காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னால் சாய்ந்திருக்கிற அளவு, குறைந்துபோகிறது. அப்புறம் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வராது. பட்டறைக் குழியில் இறங்கிப் பார்த்தேன். இடது பக்கம் ஆக்ஸிலுக்கும், அது சேஸிஸில் இடிக்காமல் தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைந்தது. வலது பக்கம் சுண்டுவிரல் நுழையவில்லை. ரப்பரில் ஆக்ஸில் முட்டி முட்டிப் பளபளப்பாகியிருந்தது. பட்டை எதுவும் முறியவில்லை, நேராகிப் படுத்துவிட்டது.

எதிரில் இருக்கும் எடை மேடைக்கு ஓட்டிப்போய், முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை எடுத்தோம். முன்னால் 2,190 கிலோ, மொத்தம் 4,370. மொத்தத்தில் தப்பில்லை. ஆனால் பாதிக்கு மேல் முன்னால் உட்கார்ந்திருந்தது. சரக்கேற்றிய வண்டியில் பாரம் பின்னால்தான் அதிகம் இருக்கவேண்டும். பின் ஆக்ஸிலுக்கு இரட்டைச் சக்கரம் வைத்திருப்பதே அதற்காகத்தான்.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், முன் ஆக்ஸிலிலிருந்து 900 மில்லிமீட்டர் தள்ளி. வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ள தூரம், 3,100 மில்லி. பள்ளிக்கூடக் கணக்குத்தான்: 300 கிலோவில் 213 கிலோ முன் ஆக்ஸிலுக்குப் போகிறது, அதிலும் வலது பக்கமாக. முன்னால் வின்ச்சோடு (சிக்கின வண்டியை இழுக்கிற கயிற்று உருளை) சேர்த்து 90 கிலோ இரும்புக் கம்பித் தடுப்பு. அது ஆக்ஸிலுக்கு 800 மில்லி முன்னால் தொங்குவதால் 113 கிலோவாக இறங்குகிறது; கூடின அந்த 23 கிலோ அளவுக்குப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுகிறது. (இந்த மாதிரித் தடுப்புகளை எடுக்கச் சொல்லி 2017 கடைசியிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. யார் எடுத்தார்கள்?)

இந்தக் கணக்கை நான் அன்றைக்கே துண்டுச் சீட்டில் போட்டுவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் அந்தச் சீட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாமா அப்போது பட்டறையில்தான் இருந்தார். எழுபது தாண்டிவிட்டது, சம்மட்டி பிடிப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைக் குறை சொல்வார். வாத்தியாரை அருகில் கூப்பிட்டு, "ஏனுங்க, உங்கூட்டுல பாரவண்டி இருந்துச்சுங்களா?" என்றார்.

"எங்கய்யன் காலத்துல இருந்துச்சுங்க."

"முன்பாரம் ஏறிப்போச்சுன்னா என்னுங்க பண்ணுவாங்க? மூட்டையத்தானே பின்னாடி தள்ளுவாங்க. மாட்டுக் கழுத்தையா மாத்துவாங்க?"

வாத்தியார் சிரித்தார். சிரித்துவிட்டு, தொட்டியை நகர்த்தினால் கட்டிலைப் பிரிக்க வேண்டும், கட்டிலுக்கு அடியில்தான் பேட்டரி ஒயர் போகிறது, கிச்சன் பக்கம் பதினெட்டு மில்லி மரைன் பிளையில் சாய்த்துக் கட்டியது, ஆணி கிடையாது, எல்லாம் இணைப்பு, என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், "வீட்டையே இடிக்கோணுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பயணம். பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் ஏறி மைசூர். அன்றைக்கு வியாழன்.

அப்போதுதான் அந்தம்மா, வாத்தியார் வீட்டுக்காரம்மா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைக் கேட்டார்.

திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கேள்வியில் எதுவும் பிசகில்லை. பாதித் தண்ணீர் என்றால் முன் ஆக்ஸிலில் நூறு கிலோவுக்கு மேல் குறையும். செலவு கிடையாது. எதையும் பிரிக்க வேண்டாம். அந்த எண்ணை அப்போதுதான் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்து, "நல்ல யோசனைங்கம்மா, அதோட பட்டையும் கொஞ்சம் சரி பண்ணிக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

கூலிக்காக என்று சொன்னால் அது பொய். பட்டை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் செட்டைக் கழற்றி புஷ் மாற்றி வளைவு எடுக்கிற வேலை இருக்கவே இருந்தது. பெண்பிள்ளை கேட்டதால் காதில் போட்டுக்கொள்ளவில்லையா என்று என் மகள் கேட்டாள். இல்லை என்றேன். அதையே வாத்தியார் கேட்டிருந்தால் உட்கார்ந்து கணக்குச் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. அப்படியென்றால் மகள் கேட்டது சரிதானே? இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் கைக்கு வந்து பழகியது ரிக் வண்டி. திருச்செங்கோட்டிலிருந்து நாடு பூராவும் போகிற போர்வெல் வண்டிகள். பாரத்தைக் குறை என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அந்தப் பாரம்தான் அவர்கள் பிழைப்பு. அதனால் எங்களுக்கு விடை என்றால் பட்டைதான். இறங்கினால் ஏற்று, மறுபடி இறங்கினால் இன்னொன்று சேர். இருபத்திரண்டு வருடம் இதையே செய்த வாய், யோசிக்காமல் அதையே சொல்லிவிட்டது.

வேலையைப் பொறுத்தவரை குறை வைக்கவில்லை. யூ போல்ட்டைக் கழற்றி, சென்டர் போல்ட்டை எடுத்து, பட்டைகளைத் தனித்தனியாகத் தரையில் பரப்பிக் கம்பிப் பிரஷ் போட்டோம். அவசரப் பட்டறைகளில் கேஸ் காட்டிச் சிவக்க வைத்து அடித்து வளைத்துவிடுவார்கள். வளைவு வந்துவிடும், ஆனால் பதம் போய்விடும். எண்ணெயில் தோய்த்து மறுபடி அளவாகச் சூடு காட்டாவிட்டால் மூன்று மாதத்தில் பழையபடி படுத்துவிடும். நாங்கள் சூடே காட்டாமல் பிரஸ்ஸில் வைத்து, அங்குலம் அங்குலமாக நகர்த்தி வளைவு எடுத்தோம். பக்கத்துக்கு ஒரு பட்டை புதிதாக வெட்டிச் சேர்த்தோம். எட்டு மில்லிப் பட்டைக்கு எட்டு மில்லியேதான். ஒன்பது போடலாம் என்று பட்டறைப் பையன் சொன்னான். பட்டையின் விறைப்பு கனத்தின் மும்மடியில் (கனம் × கனம் × கனம் என்ற கணக்கில்) ஏறும். ஒரு மில்லி கூடினால் அந்தப் பட்டை மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் விறைத்துவிடும் என்று அவனுக்கு விளக்கினேன். பையனுக்கு விளக்கப் பொறுமை இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நின்றது. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த வாத்தியார், "கையை விட்டாலும் நேராப் போகுதுங்க" என்றார். மாமா மட்டும் பெஞ்சிலிருந்து எழுந்து, முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு முழுக்க எனக்குத் திம்பம் ஞாபகம்தான். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பாரம் பின்னால் போகும், பயமில்லை. இறங்கும்போது பிரேக் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் பாரம் முழுக்க முன்னால் வந்து விழும். வண்டியின் உயரத்தைத்தான் ஏற்றியிருக்கிறேன், ஒரு கிலோ குறைக்கவில்லை. கிங் பின், வீல் பேரிங், டிரம், டயர், எல்லாம் அதே 2,190 கிலோவைத்தான் சுமந்துகொண்டு போகிறது. முன்பெல்லாம் பம்ப் ஸ்டாப்பில் டொக் டொக்கென்று முட்டி, பாரம் அதிகம் என்று வண்டி சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அந்தச் சத்தமும் இல்லை. திங்கட்கிழமை, மைசூரிலிருந்து திரும்பி மலை இறங்கியாயிற்று என்று போன் வந்த பிறகுதான் சோறு இறங்கியது.

ஏழு மாதம் கழித்து கிரீஸ் அடிக்க வந்தார்கள். இறங்கியதும் வாத்தியார் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு நூல்கூட எறங்கலீங்க!" டேப் வைத்துப் பார்த்தேன். நான் விட்டபோது இருந்த அளவுக்கு இரண்டு மில்லிதான் வித்தியாசம். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

குழியில் இறங்கி விளக்கைப் பிடித்தபோது, வலது பக்கக் கமான் செட்டைச் சேஸிஸோடு பிடிக்கிற முன் ஹேங்கர் பிராக்கெட்டில், ரிவெட் ஓரமாக ஒரு மயிரிழை தெரிந்தது. அழுக்காகவும் இருக்கலாம். டீசல் போட்டுத் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸைத் தேய்த்தேன். வெள்ளையாக இருந்த இடத்தில் கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு ஈரமாகக் கிளம்பியது. விரிசலுக்குள் போன டீசல் திரும்பிக் கசிகிறது. ரிவெட்டிலிருந்து கீழ்நோக்கி ஒன்றரை அங்குலம், லேசாக வளைந்து.

முப்பத்தைந்து வருடப் பழைய பிராக்கெட். விரிசல் முன்பே இருந்திருக்கலாம். முதல் தடவை நான் சாக்பீஸ் போட்டுப் பார்க்கவில்லை. பட்டை விறைத்ததால் ரோட்டுக் குழியில் விழும்போது பட்டை வாங்கவேண்டிய அடி பிராக்கெட்டுக்குப் போயிருக்கலாம். தண்ணீர் பாதியாக இருந்திருந்தால் வந்திருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. நானே இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், மூன்றும் நியாயமாகத்தான் படுகிறது.

ரிவெட்டை வெட்டி எடுத்து, புது பிராக்கெட் வைத்து, ஹைடென்சைல் போல்ட் போட்டு முறுக்கினேன். கூலி வாங்கவில்லை. என்ன ஆச்சுங்க என்று வாத்தியார் கேட்டார். "ரோடு மோசங்க, பழைய இரும்பு" என்றேன். இரண்டும் உண்மைதான். அந்தம்மா சீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கிளம்பும்போது வாத்தியார், "தொட்டியை மட்டும் ரொப்பிக்கிறோமுங்க, உங்க போர்த் தண்ணி நல்லா இருக்குது" என்றார். பையன் வேலையாக இருந்தான். நானே ஓஸைச் சொருகிவிட்டு மோட்டாரைப் போட்டேன். கை சும்மா இருக்கவில்லை, வலது ஹப்புக்கும் மட்கார்டு விளிம்புக்கும் டேப்பைப் பிடித்தேன். 412 மில்லி. தண்ணீர் விழுகிற சத்தம் மாறிக்கொண்டே வந்தது. 410. 408. பாதிக்கு வந்தபோது 406. எழுந்து போய் சுவிட்சை அணைத்தேன்.

"மோட்டார் சூடாயிருச்சுங்க. இதுக்கு மேல ஓட்டுனா காயில் போயிரும்."

"அட, பரவால்லீங்க" என்றார் வாத்தியார். அந்தம்மா பூண்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு டேப்பைப் பார்த்தார். "பாதி போதுமுங்க" என்றார்.

வண்டி சர்வீஸ் ரோட்டில் இறங்கிப் போனது. பெருந்துறை போகிற வழியில் எத்தனையோ பங்க் இருக்கிறது, எல்லாவற்றிலும் தண்ணீர் கிடைக்கும்.