ரிசீவரை மாற்ற முடியவில்லை, பாதையை மாற்றினார்கள்

மென்பொருள் ரேடியோவில், அதாவது சிக்னலைப் பிரித்தறியும் வேலையைச் சர்க்யூட்டுக்குப் பதில் மாற்றி எழுதக்கூடிய நிரல் செய்யும் ரேடியோவில், அப்படி என்னதான் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் ஹைகன்ஸ் கதையைத்தான் எடுப்பேன். சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்க, 1997-இல் காசினி விண்கலத்தோடு ஒட்டிக்கொண்டு போன கலம் அது. இறங்கும்போது அது அனுப்புவதைக் காசினி வாங்கி பூமிக்குத் தள்ள வேண்டும். 2000-இல், பாதி வழியில், ஐரோப்பிய விண்வெளி முகமையின் போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற பொறியாளர் ஹைகன்ஸ் பேசுவது போலவே பூமியிலிருந்து ஒரு சிக்னலை, டாப்ளர் விலகலையும் (கலங்கள் நெருங்கும்போதும் விலகும்போதும் அதிர்வெண் மாறுவது) சேர்த்து, காசினிக்கு அனுப்பிப் பார்த்தார். ரிசீவர் திணறிவிட்டது. அதிர்வெண் நகர்வதை அது சமாளித்தது, கூடவே பிட்கள் வந்து சேரும் வேகமும் மாறும் என்பதற்குத்தான் இடம் விடவில்லை. ஃபர்ம்வேரில், அதாவது ரிசீவருக்குள் பதித்த நிரலில், சின்ன மாற்றம் போதும், ஆனால் அதைப் பறக்கும்போது மாற்ற வழியே வைக்கவில்லை. அப்புறம் என்ன, காசினியின் பாதையையே மாற்றி, டைட்டனை வெகு தூரத்தில் பக்கவாட்டாகக் கடக்கவைத்து, டாப்ளரைக் குறைத்து, 2005 ஜனவரி 14 அன்று இறக்கினார்கள். ஒரு ரிசீவருக்காக இவ்வளவு பெரிய சுற்று!

இந்த டாப்ளரைக் கோத்தகிரியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம். டிவி பார்க்க விற்ற யுஎஸ்பி டாங்கிள், கொஞ்சம் அலுமினியக் கம்பி, ஒரு லேப்டாப், அவ்வளவுதான். 435 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அமெச்சூர் செயற்கைக்கோள் ஒன்று வரும்போது திரையில் மெல்லிய கோடு ஒன்று மேலிருந்து வழியும்; நேராக வராது, உச்சிக்கு மேலே கடக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தில் சடாரென்று சரியும். (மேற்குப் பக்கம் தொட்டபெட்டா மலைத்தொடர் மறைத்துவிடும், அது வேறு கடுப்பு.) மென்பொருளை மாற்றினால் அதே டாங்கிள் ரஷ்யாவின் மீட்டியர் செயற்கைக்கோள் அனுப்பும் வானிலைப் படத்தை இறக்கித் தரும், ஆன்டெனா கம்பியை மட்டும் 137 மெகாஹெர்ட்ஸுக்கு நீட்ட வேண்டும்.

மேலே விண்வெளியிலும் இதே வேலைதான் நடக்கிறது. செவ்வாயைச் சுற்றும் நாசாவின் எம்ஆர்ஓ விண்கலத்தில் இருக்கும் எலெக்ட்ரா மென்பொருள் வகை ரேடியோ. செவ்வாய்த் தரையில் ஓடும் க்யூரியாசிட்டி ரோவரோடு பேசும்போது சிக்னல் பலத்தைப் பார்த்து தரவு வேகத்தை ஏற்றி இறக்கிக்கொள்கிறது. 2012-இல் நாசா மூன்று மென்பொருள் ரேடியோக்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளியே பொருத்தி, அங்கேயே மாற்றி மாற்றி எழுதிப் பழகியது. எனக்குக் கேட்டால் இதன் உண்மையான பலன் நிலாவைச் சுற்றப்போகும் ரிலே செயற்கைக்கோள்களில்தான். இன்னும் வரைபடத்தில்கூட இல்லாத கலங்களோடு அவை பேச வேண்டியிருக்கும்.

அதற்காக எல்லாம் நிரல்தான் என்று துள்ளவும் வேண்டாம். ஊட்டி முத்தொரையில் சரிவோடு சரிவாகப் படுத்திருக்கும் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். ரிசீவர் டிஜிட்டலானாலும் இரும்பு 1970-இல் போட்டதுதான், கேட்பதும் அதே 326.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான். விண்கலத்திலும் ஆன்டெனா, ஃபில்டர், பவர் ஆம்ப்ளிஃபையர் எதையும் கீழேயிருந்து மாற்ற முடியாது. கதிர்வீச்சு சிப்புக்குள் புகுந்து பிட்டைப் புரட்டும் தொல்லை தனி. அதைவிட மோசம் தப்பான அப்டேட்: ரேடியோ செவிடாகிவிட்டால் திருத்திய நிரலை எந்த வழியாக அனுப்புவது? அதனால்தான் யாரும் தொட முடியாத நினைவகத்தில் பழைய பிரதி ஒன்றை வைத்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் பூமியிலிருந்து கட்டளை வராவிட்டால் தானே அதற்குத் திரும்பும்படி அமைக்கிறார்கள்.