மயிலாவின் முதுகு: ஒரு சேண நாட்குறிப்பு

2024 டிசம்பர் 8, ஞாயிறு

காலையில் என் குதிரை மயிலாவுக்கு உடம்பு தேய்த்துவிடும்போது கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. இடது தோள்பட்டைக்குப் பின்னால், சேணத்தின் முன்பகுதி உட்காரும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடி. அவள் நிறம் செம்பழுப்பு. நெற்றியில் ஒரு பொட்டைத் தவிர அவள் உடம்பில் வெள்ளையே கிடையாது. வலப்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே உயரத்தில் ஏழெட்டு வெள்ளை முடிகள்.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஈரோட்டில் குதிரை வண்டி ஓடிய காலத்தில் வண்டி ஓட்டியவர். இரண்டு விரலால் அழுத்தித் தடவினார். மயிலா முதுகைச் சட்டென்று கீழே இறக்கிக்கொண்டாள்.

"சேணம் கடிக்குதுங்க அம்மணி. இன்னிக்கு நேத்துக் கடிச்சது இல்லீங்க, ரொம்ப நாளா கடிச்சிருக்கோணும். முடி இப்பத்தான் சொல்லுது."

அவர் சொன்னது சரி. தோலுக்கடியில் முடியின் வேர் அழுத்தத்தில் கெட்ட பிறகு முளைப்பதுதான் இந்த வெள்ளை முடி. கண்ணுக்குத் தெரியும்போது வாரங்கள், சில சமயம் மாதங்கள் கடந்திருக்கும். ஐப்பசியிலிருந்தே வயிற்று வாரை இழுத்துக் கட்டும்போதெல்லாம் காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வந்தாள். மழைக்காலத்துச் சோம்பல் என்று நினைத்து அதட்டினேன். இன்று முழுக்க அதே நினைப்பாக இருக்கிறது.

சவாரியை நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

மூன்று நாளாகச் சேணத்தைப் பற்றியேதான் படிப்பு.

என்னிடம் இருப்பது கான்பூரில் செய்த தோல் சேணம். அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் மயிலாவை வாங்கிய அதே மாதம், ஒரு கடையில் "எல்லாக் குதிரைக்கும் சேருங்க" என்று சொல்லிக் கொடுத்தது. எல்லாக் குதிரைக்கும் சேரும் சேணம் என்று ஒன்று கிடையாது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

சேணத்தின் உள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. அதைத்தான் 'ட்ரீ' என்கிறார்கள். ஒட்டுப்பலகை மாதிரி அடுக்கி ஒட்டிய மரம், முன்பக்கம் வளைவாக ஓர் இரும்புத் தகடு, நீளவாக்கில் இரண்டு எஃகுப் பட்டைகள். இந்தக் காலத்தில் பிளாஸ்டிக்கிலும் வார்க்கிறார்கள். முதுகெலும்புக்கு மேல் ஒரு பாலம்போல நின்று, ஏறியவரின் கனத்தை இரண்டு பக்கத் தசைகளின் மேலும் பரப்பிவிடுவது இதன் வேலை. அளவு சரியாக இருந்தால் எலும்பின் மேல் எதுவும் படாது. அளவு தப்பினால் அதே இரும்பு வளைவு தோளில் இடுக்கிபோலப் பிடித்துக்கொள்ளும்.

அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து, தேய்க்காத அழுக்கு முதுகில் போட்டு, மேலே சேணம் வைத்துப் பத்து நிமிடம் மட்டும் நடக்கவிட்டேன். ஆள் ஏறவில்லை. எடுத்து முற்றத்தில் விரித்தால் முன்னால் இரண்டு அழுக்குத் திட்டு, பின்னால் இரண்டு அழுக்குத் திட்டு, நடுவில் வெள்ளை வெளேரென்று அப்படியே. நாற்காலிக்கு நாலு கால் மாதிரி என் சேணம் நாலு இடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. என் கனம் 63 கிலோ. அதில் பெரும்பங்கு இத்தனை நாளும் அந்த நாலு இடத்தில்தான் இறங்கியிருக்கும்.

அப்புறம் எலக்ட்ரீஷியனிடம் வாங்கிய கனத்த அலுமினியக் கம்பியை முதுகின் மேல் வளைத்து அளவெடுத்தேன். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் ஒன்று, ஒரு சாண் தள்ளி ஒன்று, கடைசி விலா எலும்புக்கு நேராக ஒன்று. மூன்றையும் பழைய காலண்டர் அட்டையின் பின்புறம் வைத்து நீல மையில் கோடு போட்டேன். குதிரைக்குப் பதினெட்டு ஜோடி விலா. பதினெட்டாவதைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது, அதற்குப் பின்னால் முதுகைத் தாங்க எலும்புக்கூண்டு இல்லை. மயிலா கத்தியவாரி இனம், முதுகு குட்டை. என் சேணத்தின் பின் நுனி அந்தக் கோட்டை இரண்டு விரல் தாண்டியிருந்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

கோவையில் குதிரை வைத்திருக்கும் தோழி தன் ட்ரீலெஸ் சேணத்தைக் கொடுத்தனுப்பினாள். ஐரோப்பாவிலிருந்து வந்தது. உள்ளே மரமும் இல்லை, இரும்பும் இல்லை. கையில் தூக்கினால் பாதிக் கனம். மெத்தையைச் சுருட்டுவதுபோல மடிக்கலாம்.

தனக்கென்று ஒரு வடிவம் இல்லாததால் எந்த முதுகுக்கும் தானே பொருந்தும் என்பதுதான் இதை விரும்புகிறவர்கள் சொல்வது. தோளை இறுக்க உள்ளே எதுவும் இல்லை என்பதும் உண்மைதான்.

பெரியவர் மயிலாவின் முதுகை நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. "ஏறுங்க அம்மணி" என்ற பிறகுதான் ஏறினேன். வாய்க்கால் மேட்டில் அரை மணி நேரம், நடை மட்டும். இறங்கும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. முன்னங்காலை எவ்வளவு தூரம் வீசிப் போட்டு நடந்தாள்! கழுத்து தாழ்ந்து, மூக்கிலிருந்து அந்தப் புர்ரென்ற சத்தம். வாங்கிய புதிதில் அப்படிச் சத்தம் போடுவாள். எப்போது நின்றது என்று நான் கவனித்திருக்கவில்லை.

ஆனால் வேட்டியை எடுத்துப் பார்த்தபோது நடுவில், முதுகெலும்பு ஓடும் இடத்திலேயே, மெல்லிய அழுக்குக் கோடு. மயிலாவுக்குப் பிடரி முடியும் இடத்து மேடு உயரம், அதிலிருந்து முதுகெலும்பும் கொஞ்சம் புடைத்தே போகிறது. உருண்டை முதுகுக் குதிரைக்கு இந்தத் தொல்லை குறைவு. இவள் மாதிரிக்கு ட்ரீலெஸ்ஸை வெறுமனே போடக் கூடாது. நடுவில் பள்ளம் விட்டு இரண்டு பக்கமும் கனமான ஃபெல்ட் வைத்த பேட் அடியில் வேண்டும். தோழியைக் கேட்டேன், "பேட் இல்லாமலா போட்டே?" என்று பதறிவிட்டாள். நாளை பஸ்ஸில் போட்டுவிடுகிறாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

பேட் வந்தது. வேட்டியில் நடுக்கோடு காணாமல் போனது. மயிலா நன்றாக இருக்கிறாள்.

என் உடம்புதான் கேட்கவில்லை. ட்ரீ வைத்த சேணத்தில் தொடை இடுக்கு உட்காரும் இடத்தை ஒடுக்கிச் செதுக்கியிருப்பார்கள். ட்ரீலெஸ்ஸில் அப்படிச் செதுக்க உள்ளே ஒன்றும் இல்லை, குதிரையின் அகலம்தான் என் அகலம். அதற்கு மேல் பேட் வேறு. முக்கால் மணி நேரத்தில் இடுப்பு மூட்டு இரண்டும் பிடித்துக்கொண்டது. எனக்கு 46 வயது, இரண்டு பிரசவம் பார்த்த இடுப்பு. இருபது வயதுப் பெண்ணுக்கு இது பெரிதாகத் தெரியாமல் போகலாம்.

இன்னொன்று, தரையில் நின்று அங்கவடியில் கால் வைத்து ஏறினால் சேணம் அப்படியே சரிகிறது. எலும்புக்கூடு இல்லாததால் பக்கவாட்டுப் பிடிப்பு குறைவு. சரியாமல் இருக்க வாரை இன்னும் இறுக்குவது குதிரைக்குச் செய்யும் கொடுமை. திண்ணையோரமாக நிறுத்தி அதிலிருந்து ஏறுகிறேன்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இந்த வாரம் ஓர் ஆய்வு கிடைத்தது. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஹிலாரி கிளேட்டன் குழுவினர் செய்தது, 2012இல் வெளியானது. 8 குதிரைகள், ஓட்டியது ஒரே ஆள், சேணம் மட்டும் ட்ரீ வைத்தது ஒன்று, ட்ரீலெஸ் ஒன்று. எழாமல் உட்கார்ந்தபடியே ட்ராட், அதாவது நடையைவிட வேகமான துள்ளோட்டம். சேணத்துக்கு அடியில் அழுத்தம் அளக்கும் மின்னணு விரிப்பு.

முதுகில் இறங்கிய மொத்த விசை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது அது பரவிய விதம். ட்ரீ வைத்த சேணம் கூடுதல் பரப்பில் பரப்பியது. ட்ரீலெஸ்ஸில் கனம் நடுப்பகுதியில், ஆளின் உட்காரும் எலும்புக்குக் கீழே திரண்டது, உச்ச அழுத்தமும் கூடியது. சராசரி அழுத்தம் 11 கிலோபாஸ்கலைத் தாண்டும் பரப்பு எவ்வளவு என்று தனியாகக் கணக்கெடுத்திருக்கிறார்கள். முதுகு வலிக்கத் தொடங்கும் எல்லையாக எடுத்துக்கொள்ளும் எண் அது.

இதை வைத்து ட்ரீலெஸ் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. ட்ரீ வைத்த சேணம் எதுவானாலும் நல்லது என்றும் அர்த்தமில்லை, என் கான்பூர் சேணம் மயிலாவின் தோளில் எழுதியதை நான் தினமும் பார்க்கிறேன். எனக்கு இதில் பிடிபட்டது வேறு. மரம் தோளை இடுக்குகிறது என்று மரத்தையே எடுத்துவிட்டால், கனத்தைப் பரப்பும் வேலையை யாராவது செய்தாக வேண்டும். பேட் கொஞ்சம் செய்யும். மீதியை முதுகுதான் வாங்கிக்கொள்ளும். ஆள் கனமாக ஆக, நேரம் நீள நீள, அந்த மீதி பெருகும். 90 கிலோ இருக்கும் என் தம்பியை இந்தச் சேணத்தில் ஏற்றவே மாட்டேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். மாடுகளோடு மயிலாவையும் குளிப்பாட்டி, அம்மா செவ்வந்தி மாலை போட்டார்கள். மாலையைப் பாதி தின்றுவிட்டாள். சவாரி இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

முதல் நீண்ட சவாரி, போக வர சுமார் 20 கிலோமீட்டர். மஞ்சள் காடுகளை ஒட்டி மண் பாதை. பாதித் தூரம் ட்ராட், எழுந்து எழுந்து உட்கார்ந்து ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து சேணத்தைக் கழற்றினால் முதுகு முழுக்க வியர்வை, இரண்டு பக்கமும் தீப்பெட்டி அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. காய்ந்த இடம் என்றால் இரண்டு அர்த்தம்: ஒன்று, அங்கே சேணம் படவே இல்லை, அல்லது வியர்க்க முடியாத அளவுக்கு அழுந்தியிருக்கிறது. புறங்கையை வைத்தேன். சூடு. முடி சுழன்று படிந்திருந்தது. விரலை வைத்ததும் தோல் துடித்தது. சேணத்தைத் திருப்பி வைத்து ஒப்பிட்டேன். அங்கவடியின் வார் தொங்கும் பட்டை சரியாக அதே இடத்தில்தான் போகிறது. எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் என் முழுக் கனமும் அந்தக் குறுகிய பட்டை வழியாக இறங்கியிருக்கிறது. ட்ரீ வைத்ததில் அங்கவடி மரத்தில் மாட்டியிருக்கும், மரம் அதை நீளத்துக்கும் பகிர்ந்துவிடும்.

பெரியவர் ஈரத்துணி ஒற்றிவிட்டார். "அரை மணி நேரம் நடக்கறதுக்கு இது தங்கமுங்க. இத்தனை தூரத்துக்கு வேண்டாமுங்க" என்றார். எனக்கும் அதே முடிவுதான். வீக்கம் இல்லை. ஆனாலும் பத்து நாள் ஓய்வு.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெங்களூரில் ஒருவர் விற்ற பழைய வின்டெக் சேணத்தை வாங்கிவிட்டேன். ஆஸ்திரேலியத் தயாரிப்பு, தோல் இல்லை, செயற்கைத் துணி. தோலின் அழகு இதில் கிடையாது. எனக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது: முன் வளைவுத் தகட்டை மாற்றலாம். மஞ்சள் நிறத் தகடு குறுகல், பச்சை அடுத்தது, கறுப்பு நடுத்தரம், நீலம், சிவப்பு என்று அகலம் கூடிக்கொண்டே போகும். வந்தபோது உள்ளே பச்சை. கூடவே ஒரு கறுப்பும் கொடுத்தார்.

காலண்டர் அட்டையில் போட்ட முதல் கோட்டின் மேல் இரண்டு தகட்டையும் வைத்துப் பார்த்தேன். பச்சை நுனியில் இடுக்கியது, கறுப்பு கோட்டோடு கோடாகப் படிந்தது. திருகுகளைக் கழற்றி மாற்ற எனக்கும் பெரியவருக்கும் கால் மணி நேரம். தகடு அகலமானால் சேணத்தின் முன்பக்கம் கீழே இறங்கும், அதனால் நான் ஏறி உட்கார்ந்த பிறகு பெரியவர் முன் வளைவுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மூன்று விரல் தாராளமாகப் போனது. பின் நுனி கடைசி விலாவுக்கு முன்பே நின்றது.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்று 18 கிலோமீட்டர். முதுகு ஒரே சீராக நனைந்திருந்தது, காய்ந்த இடமே இல்லை. என் இடுப்பும் வலிக்கவில்லை.

இன்று வேட்டியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டினேன். முற்றத்தில் விரித்து இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் நீளமாக ஒரே நிறத்தில் இரண்டு பட்டை, நடுவில் நாலு விரல் அகலத்துக்குச் சுத்தமான வெள்ளை. இடப்பக்கப் பட்டை முன்னால் ஒரு சாயல் கூடக் கறுத்திருக்கிறது. அது சேணமா, இடப்பக்கம் சாய்ந்து உட்காரும் என் பழக்கமா என்று இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் தோழியை ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெள்ளை முடி அப்படியேதான் இருக்கிறது, இனி மாறுமென்று தோன்றவில்லை. ட்ரீலெஸ்ஸைப் பேட்டோடு கோவைக்கு அனுப்பியாயிற்று. தோழியின் உருண்டை முதுகு மட்டக்குதிரை, அதில் அவள் பத்து வயது மகள், வாரத்தில் இரண்டு நாள் தோப்புக்குள் நடை. அந்தக் குதிரைக்கும் அந்தப் பெண்ணுக்கும் அதுதான் சரியான சேணம், அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெயில் காலத்தில் பச்சைத் தீவனம் குறைந்து மயிலா கொஞ்சம் இளைப்பாள், முதுகின் வடிவமும் மாறும். காலண்டர் அட்டையில் நீலக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்றைய அளவைச் சிவப்பில் போட்டு வைத்திருக்கிறேன். சித்திரை முடிவில் மறுபடி கம்பியை எடுக்க வேண்டும். பச்சைத் தகட்டைத் துணியில் சுற்றி லாயத்து மாடத்தில் வைத்திருக்கிறேன்.