சென்சாரின் ஒயர் எங்கே போகிறது?

ஒரு மெஷினின் கையேட்டை ஜெர்மனில் மொழிபெயர்க்கும்போது, அதை அனுப்பியவர்களிடம் 'டெம்பரேச்சர் கண்ட்ரோல் என்று போட்டிருக்கிறீர்களே, சென்சாரின் அளவு திரும்ப ஹீட்டருக்குப் போகிறதா?' என்று கேட்டு அனுப்பினேன். 'எதைப் போட்டாலும் புரியும், இன்றைக்குள் ஃபைல் வேண்டும்' என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

ஜெர்மனில் 'கண்ட்ரோல்' என்பதற்கு எதைப் போட்டாலும் புரியாது. டைமர் வைத்து இருபது நிமிடம் ஹீட்டரை ஓட்டி, சூடு எவ்வளவு ஏறியது என்று பார்க்காமல் விட்டால் அது 'ஷ்டொயெருங்'. அளந்து, வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப ஹீட்டரைக் கூட்டிக் குறைத்தால் 'ரேகெலுங்'. டின் 19226 என்ற ஜெர்மன் தரநிலை இரண்டையும் தனித்தனியாக வரையறுத்திருந்தது. இப்போது அந்த இடத்தில் டின் ஐ.இ.சி. 60050-351 இருக்கிறது. மூன்றாவது 'கொன்ட்ரோல்லே'. காதுக்கு ஆங்கிலச் சொல் போலவே கேட்பதால் கை அதற்குத்தான் போகும். ஆனால் அதற்குச் சரிபார்ப்பது என்றுதான் முதலில் பொருள். 'வால்வைத் திருகி பிரஷரைக் கண்ட்ரோல் செய்' என்பதற்கு அதன் வினைச்சொல்லைப் போட்டால், ஜெர்மன் தொழிலாளி மீட்டரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். வால்வைத் தொட மாட்டார்.

ஷ்டொயெருங் என்றே போட்டேன். அதற்கு நியாயம் உண்டு. உள்ளே பி.ஐ.டி. லூப், அதாவது அளந்து தானே திருத்திக்கொள்ளும் சுற்று, ஓடினாலும் பி.எல்.சி.யை (மெஷினை இயக்கும் தொழிற்சாலைக் கணினியை) அங்கே ஷ்டொயெருங் என்றுதான் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006/42 இயந்திர உத்தரவின் ஜெர்மன் வடிவமும் கண்ட்ரோல் சிஸ்டத்துக்கு அதையே பயன்படுத்துகிறது. குமிழ், லீவர் போன்றவற்றுக்கு மட்டும் 'ஷ்டெல்டைல்'. தவிர, தப்பாக ரேகெலுங் போட்டால், மெஷின் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஆபரேட்டர் நம்பி நிற்பார். அது பெரிய ஆபத்து.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. உண்மையில் லூப் இருந்து, சூடு எகிறினால், ஷ்டொயெருங் என்று படித்த மெக்கானிக் டைமரைக் கழற்றுவார். சென்சாரைத் தேட மாட்டார். லூப்பே இல்லாத வால்யூம் குமிழையும் 'ரேக்லர்' (ரேகெலுங் செய்யும் கருவி) என்றுதானே அவர்களே சொல்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வீட்டு ரேடியோவுக்கு அது சரி, கொதிகலனுக்கு ஆகாது.

உதிரிபாகப் பட்டியலில் ஒரு பி.டி.100 இருந்தது, 0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டினம் சென்சார். அதன் ஒயர் டிஸ்ப்ளேயோடு நிற்கிறதா, கண்ட்ரோலருக்கும் போகிறதா என்பதை ஒயரிங் டயகிராம்தான் சொல்லும். அதை அவர்கள் அனுப்பவில்லை. ஃபைலில் கமென்ட் எழுதி அனுப்பினேன். கேள்வியை விட்டுவிட்டு, முதலிலேயே டயகிராமை மட்டும் கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். மொழிபெயர்ப்பாளரின் சந்தேகத்துக்கு நேரம் ஒதுக்காத எஞ்சினியர்கூட டிராயிங் கேட்டால் எடுத்துத் தந்துவிடுவார்.