குருணை, கம்பு, வெளுத்த மஞ்சள் கரு

காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய தீவன ஆலையில் கலவைக் கணக்குப் பார்ப்பது என் வேலை. மக்காச்சோளம் விலை ஏறும்போதெல்லாம் முதலாளி கேட்பது ஒன்றுதான்: "வேறு எதைப் போடலாம்?" முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம்தான், கேட்காமல் என்ன செய்வார்? எத்தனால் ஆலைகளும் அதை வாங்கத் தொடங்கிய பிறகு இன்னும் அடிக்கடி கேட்கிறார்.

எங்கள் வட்டாரத்தில் மாற்றுக்குப் பஞ்சமில்லை. ஆரணி அரிசி ஆலைகளில் குருணை கிடைக்கும். கம்பும் கேழ்வரகும் கிடைக்கும். ஜவ்வாது மலைச் சாமையைச் சொல்பவர்களும் உண்டு. மனிதர்கள் நல்ல விலை கொடுத்து வாங்கும் சாமையைக் கோழிக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை.

மூட்டை விலையை மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,300 கிலோ கலோரி இருக்கிறது. கேழ்வரகில் அவ்வளவு கிடையாது. தீவனத்தில் எரிசக்தி குறைந்தால் கோழி கூடுதலாகத் தின்று ஈடுகட்டிக்கொள்ளும். கொள்முதலில் மிச்சம் பிடித்த பணம் அப்படியே தீவனத் தொட்டி வழியாகப் போய்விடும். கம்பு பரவாயில்லை. புரதம் மக்காச்சோளத்தைவிடக் கூடுதல் என்பதால் சோயாப் பிண்ணாக்கைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் மக்காச்சோளத்துக்கு மாட்டிய சல்லடையிலேயே கம்பை ஓட்டினால் மணிகள் அரைபடாமல் முழுதாக விழும். கோழி அவற்றைப் பொறுக்கித் தின்றுவிட்டு, தாது உப்பும் வைட்டமினும் கலந்த தூளைத் தொட்டியில் விட்டுவைக்கும். குருணையில் சிக்கல் வேறு. நைசாக அரைத்தால் அலகில் அப்பிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம் ஆலைக்குள்ளேயே சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாத புகார் வெளியிலிருந்து வருகிறது. குருணை அதிகம் போட்ட மாதத்தில் குடியாத்தம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தொலைபேசியில், "சார், மஞ்சள் கரு வெளுத்துவிட்டது, கடைக்காரர் பழைய முட்டையா என்று கேட்கிறார்" என்றார். முட்டை புதியதுதான், சத்திலும் குறையில்லை. மஞ்சள் கருவின் நிறம் மக்காச்சோளத்தில் உள்ள சாந்தோஃபில் நிறமிகளிலிருந்து வருகிறது. குருணையில் அது இல்லை. ஆம்லெட் போடுகிறவரிடம் சாந்தோஃபில் பாடம் நடத்தவா முடியும்?

அதனால் இப்போது என் கணக்குத் தாளில், மஞ்சள் கருவுக்கு நிறம் கொடுக்கும் செண்டுமல்லிப் பூத்தூளுக்கும் ஒரு வரி உண்டு. அதையும் கூட்டிப் பார்த்தால் பல மாதங்களில் மக்காச்சோளமே மலிவாக வருகிறது. முதலாளி அந்தத் தாளை வாங்கி, இன்னொரு முறை கூட்டிப் பார்க்கச் சொல்வார்.