மலைப்பாதையில் ஓடும் குட்டியானைக்கு டைமிங் பெல்ட் மாற்றும் நாளை முடிவு செய்த கதை

கோத்தகிரியை அடுத்த நெடுகுளாப் பகுதித் தோட்டங்களிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் இறக்குவதுதான் என் டாடா ஏஸ் வண்டியின் வேலை. எங்கள் பக்கத்தில் அதைக் குட்டியானை என்றே எல்லோரும் சொல்வோம். 2012-ஆம் ஆண்டு வண்டியை 2019-இல் மீட்டர் 71,000 கிலோமீட்டர் காட்டியபோது வாங்கினேன். டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேட்டதற்கு, விற்றவர் “எல்லாம் மாத்தியாச்சுங்க” என்றார். பில் எதுவும் கொடுக்கவில்லை. அந்த ‘எல்லாம்’ என்பதற்குள் பெல்ட்டும் அடக்கமா என்று நானும் துருவிக் கேட்கவில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று நடை என்று ஓடி, மீட்டர் 1,08,000-ஐத் தொட்டபோதுதான் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

காரணம், உடன் ஓட்டும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. உர மூட்டைகளுடன் குஞ்சப்பனைக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தபோது அவருடைய பழைய பிக்கப்பில் பெல்ட் அறுந்தது. முன்கூட்டி ஒரு சத்தமும் இல்லை, புகையும் இல்லை; ஒரு ‘டக்’, அவ்வளவுதான், எஞ்சின் நின்றுவிட்டது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோய், பிஸ்டன் மேலே வரும்போது வால்வு வழிவிட்டு நிற்கும்படி இரண்டையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பது அந்தப் பெல்ட்தான். டீசல் எஞ்சினில் அழுத்த விகிதம் அதிகம் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும், மேலே உள்ள வால்வுக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளியே இருக்கும். பெல்ட் அறுந்தால் திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் மேல் பிஸ்டன் மோதும். அவருக்கு வால்வுகள் வளைந்து, எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அதைவிட என்னை அச்சுறுத்தியது வேறொன்று. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவமும் நின்றுவிடும். மிச்சமிருப்பது ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். அவர் ஏற்றத்தில் இருந்ததால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்க முடிந்தது. அதே பெல்ட் இறக்கத்தில், லோடுடன், கொண்டை ஊசி வளைவில் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை.

நான் இரண்டு பேரிடம் யோசனை கேட்டேன். உள்ளூர்ப் பட்டறைக்காரர், வண்டி நன்றாகத்தான் இழுக்கிறது, சத்தம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். மேட்டுப்பாளையத்தில் டீசல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரோ அதைக் கேட்டதும் தலையை ஆட்டி மறுத்தார். “சத்தம் போட்டு எச்சரிக்கிறது செயினுங்க தம்பி. பெல்ட் சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். மலை வண்டிக்கு மீட்டரையும் நம்பாதீங்க” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கையேடுகளில் பெல்ட்டுக்கு எல்லை சொல்லும்போது இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று எழுதியிருப்பார்கள். ஆனால் பெல்ட் தேய்வது சக்கரம் கடந்த தூரத்தால் அன்று; எஞ்சின் சுற்றிய சுற்றுகளால்தான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் சுமார் 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். இறங்கும்போது பிரேக்கைக் காப்பாற்ற இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடிக்கிறோம். ஏறும்போதும் அதே கியர்கள்தான். சமவெளியில் நான்காம் கியரில் ஒரு கிலோமீட்டர் போவதற்கு எஞ்சின் சுற்றுவதைப் போல, இரண்டாம் கியரில் அதே ஒரு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சுற்றுகிறது. சந்தேகம் தீர, ஒரு வாரம் எஞ்சின் ஓடிய நேரத்தைக் குறித்துவைத்தேன். போக வர 66 கிலோமீட்டருக்குச் சராசரியாக மூன்றேகால் மணி நேரம் ஆனது. சமவெளியில் இதே தூரம் ஒன்றரை மணி நேரத்து வேலை. ஆகவே நான் வாங்கிய பிறகு மீட்டரில் ஏறிய 37,000 கிலோமீட்டரைப் பெல்ட்டின் கணக்கில் 70,000-க்குக் குறையாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்கு முந்தைய 71,000-இல் பெல்ட் மாற்றப்பட்டதற்குச் சான்றே இல்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரி அதிகாலைக் குளிரில் பேட்டரி சோர்ந்துபோனால், சரிவில் வண்டியை உருட்டி, கியரில் போட்டுக் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்வது எங்கள் மலையில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். மூன்று குளிர்காலம் நானும் அப்படித்தான் செய்தேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போலச் சீராகச் சுற்றாமல், சக்கரத்திலிருந்து வரும் அந்த ஒற்றை வெட்டு முழுவதையும் பெல்ட்டின் சில பற்கள் வாங்கிக்கொள்கின்றன. தளர்ந்த பெல்ட்டாக இருந்தால் ஒரு பல் தாவிவிடவும் கூடும். ஏற்றத்தில் கியரை மட்டும் நம்பி நிறுத்தினால், வண்டி பின்னோக்கி நகரும்போது எஞ்சின் எதிர்த்திசையில் திரும்பி, பெல்ட்டின் தொய்வு வரக்கூடாத பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இதையெல்லாம் பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன்.

வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனால் பிரேக், விளக்கு, புகை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். டைமிங் பெல்ட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எனவே நாமேதான் பார்க்க வேண்டும். பெரியவர் பெல்ட்டின் மேல் மூடியைக் கழற்றி டார்ச்சை என் கையில் கொடுத்தார். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே அவர் மெல்லத் திருப்ப, பெல்ட் என் கண்முன் நகர்ந்தது. முதுகுப்புறம் எண்ணெய் தடவிய சிலேட்டைப் போல மினுமினுத்தது. ஓர் ஓரத்தில் நூல் பிரிந்து பிசிறாக நின்றது. பெல்ட்டைச் சற்று வளைத்துக் காட்டியபோது, இரண்டு பற்களின் அடியில் தலைமுடி அளவு வெடிப்பு வாய் திறந்து மூடியது. மூடியின் கீழ் மடிப்பில் ரப்பர்த் தூளும் எண்ணெயும் குழைந்து கருப்புச் சேறாகப் படிந்திருந்தது; கேம் தண்டின் ஓரத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையமான ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் பெல்ட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் பட்ட ரப்பருக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது என்று கூறி, அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடச் சொன்னார். மறுநாள் லோடுக்கு வாடகை வண்டி பிடித்தேன்.

வேலை ஒரு பகலில் முடிந்தது. பெல்ட்டை மட்டும் வாங்கி வந்த என்னைத் திருப்பி அனுப்பி, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரையும் கேம், கிராங்க் ஆயில் சீல்களையும் சேர்த்து வாங்கி வரச் செய்தார். ஏன் என்று பழைய டென்ஷனரை என் உள்ளங்கையில் வைத்துச் சுழற்றிக் காட்டினார். நல்ல பேரிங் கிரீஸின் பிடிப்பால் ஓசையின்றி அரைச் சுற்றில் நின்றுவிடும். என்னுடையது உலர்ந்த கரகரப்புடன் பம்பரம்போல் சுற்றிக்கொண்டே இருந்தது. அது பிடித்துக்கொண்டால் புதுப் பெல்ட்டும் அன்றே அறுந்துபோகும். கடையில் பெல்ட்டை வாங்கும்போது தயாரித்த தேதியையும் பார்க்கச் சொன்னார். ரப்பர் அலமாரியில் கிடந்தாலும் முதுமை அடையும். கேம், கிராங்க் புல்லிகளில் உள்ள குறிகளைச் சேர்த்துப் பெல்ட்டைப் போட்ட பின், ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று சரிபார்த்தார். எங்காவது தட்டினால் கையில் தெரிந்துவிடும், ஸ்டார்ட்டர் போட்டால் வால்வு வளைந்த பிறகுதான் தெரியும் என்றார். உதிரிப் பாகங்களும் கூலியும் சேர்த்து 5,400 ரூபாய் ஆயிற்று. நண்பருக்கு ஹெட் வேலைக்கு ஆன செலவில் இது கால் பங்குகூட இல்லை.

இப்போது மாற்றிய தேதியையும் மீட்டர் அளவையும் மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்ட்டில் எழுதி, பில்லை ஆர்.சி. நகலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த மாற்றத்துக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை 35,000 கிலோமீட்டர் அல்லது நான்கு ஆண்டு. இடையில் ஒவ்வோர் இரண்டாவது ஆயில் மாற்றத்தின்போதும் மேல் மூடியைத் திறந்து, சீல் கசிகிறதா என்று மட்டுமாவது பார்த்துவிடுகிறேன். நவம்பர் பிறப்பதற்குள் பேட்டரியையும் மாற்றிவிட்டதால், இந்தக் குளிருக்கு வண்டியை ஒரு நாள்கூட உருட்டி ஸ்டார்ட் செய்யவில்லை.